பேர் இன்னா, எந்த ஏரியா

போட்டிக்கு அனுப்பும் படிவத்தில்
பெயர்க் கட்டம் மட்டும் காலி,
கடைசித் தேதி ராத்திரி வரைக்கும்.

காசிமேட்டில் போட் எஞ்சின் பழுதுபார்க்கும் கடையின் மாடி.
கீழே டீசல் வாடை. மேலே
ஏகவல்லி, சம்சுதீன், நான்.
நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டர்.
நொடிக்கு எட்டு லட்சம் நிலைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு
குதிரையை இனாமாகக் கொடுக்கும்.

சம்சுதீன் வரலாறு சொன்னான்:
ஆரம்பத்தில் பெயரே கிடையாது,
'செஸ்' என்றொரு சொல், பக்கத்தில் ஒரு எண்,
லாரிக்கு நம்பர் மாதிரி.
அப்புறம் பெண் பெயர்கள். ஒரு தேவதை.
அப்புறம் பெயருக்குப் பின்னால் 'மேட்' என்றொரு வால்.
ப்ராசசர் இரண்டானதும் முன்னால் 'டீப்'.
ஆழம் என்றால் என்னவென்று
நாற்பது பாகத்தில் வலை விட்டவனைக் கேட்டிருக்கலாம்.

அதற்கும் அப்புறம் மீன்.
செக் மொழியில் 'குட்டிமீன்' என்று ஒன்று வந்து
எல்லாரையும் அடித்தது.
பின்னால் வந்து உச்சியில் உட்கார்ந்ததன் பெயர்
ஸ்டாக்ஃபிஷ்.
'அப்டின்னா?'
உப்பில்லாமல் காற்றில் காயவைத்த மீன்.
'கருவாடா!'

ஏகவல்லி சிரித்த சிரிப்பில்
கீழிருந்து ஞானப்பிரகாசம் ஸ்பேனரோடு ஏறி வந்துவிட்டார்.
சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:
'உலகத்துல ஒருத்தனாலயும் ஜெயிக்க முடியாதவனுக்கு
கருவாடுன்னு பேரு.
எங்கம்மாவ கூடையோட பஸ்ல ஏத்த மாட்டான்.'

அப்போ மீன்தான்.
வஞ்சிரம் வேண்டாம், மிதப்பு.
சுறா என்று எவனாவது ஏற்கெனவே வைத்திருப்பான்.
நெத்திலி.
சின்னது. தனியாக வராது,
ஒரே நொடியில் எட்டு லட்சமாக வரும்.

சம்சுதீன் மட்டும் கையை எடுத்தான் கீபோர்டிலிருந்து.
'தேடுறது நம்மளுது.
நிலைய எடை போடுறதுல கால்வாசி
வேற ஒருத்தர் எழுதுனது. சொம்மாதான் குடுத்தாரு.
பேர சொல்லணும்னு மட்டும் கேட்டுக்குறாரு.'

ஜன்னலுக்கு வெளியே, பழைய விலைக்கு வாங்கிய விசைப்படகு.
புதுப் பெயருக்கு மூன்று கோட் நீலம்,
ஐப்பசி மழை பட்டதும்
அடியிலிருந்து பழைய மாதா எட்டிப்பார்க்கிறாள்.

பலகைக்கும் ஆட்டக்கார நிரலுக்கும் ஒரு வழக்கம் உண்டு.
பலகை கூப்பிடும்.
நிரல் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும்,
அடுத்த வரியில் எழுதியவர் பெயரை,
அப்புறம்தான் காய் நகரும்.
பதினோரு மணிக்கு மேல் ஜீப்பை நிறுத்தி
எங்களைக் கேட்பதும் இதே வரிசைதான்:
பேர் இன்னா, அப்பன் பேர் இன்னா, எந்த ஏரியா.
ஏகவல்லி இன்டர்வியூவில் 'பாரிமுனை பக்கம்' என்றாள்.
நான் பெரியப்பா வீட்டு முகவரியை எழுதினேன், அண்ணா நகர்.
அந்தச் சாமர்த்தியம் நிரலுக்கு இல்லை.
எழுதிவைத்ததைத்தான் சொல்லும்.

அடித்தோம்:
நெத்திலி 0.3
(ஒன்று போட ஒருத்தருக்கும் தைரியமில்லை.)
எழுதியவர்: ஏகவல்லி, சம்சுதீன், நான்,
நாங்கள் முகம் பார்த்திராத அந்த நாலாவது ஆள்,
காசிமேடு.

படிவம் தமிழைத் தின்றது.
நெத்திலி இருந்த இடத்தில் எட்டுக் கேள்விக்குறி.
ஆங்கில எழுத்தில் மாற்றும்போது
ஒரு 'டி'யா, ரெண்டு 'டி'யா என்று சண்டை,
பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு ஒன்றோடு அனுப்பினோம்.

முதல் ஆட்டம் இருபத்துமூன்று நகர்த்தலில் காலி.
ஏகவல்லி வீட்டில் சொல்லியிருக்கிறாள்.
அம்மா கேட்டது பெயரை மட்டும்தானாம்.
'நெத்திலியா?
காயட்டும் வுடு. காஞ்சாதான் அதுக்கு வெல.'

0.4-ல் பெயர் வரி அப்படியே இருக்கிறது.
குதிரை
இன்னும் இனாம்தான்.